வரியில் வந்த மகள்

உறைக்குள் ஒற்றைத் தாள்.
உங்கள் படிவத்தில் உள்ள பிள்ளையை
இன்னொருவரும் தம் பிள்ளை என்று காட்டியிருக்கிறார்,
சரிபார்க்கவும் என்றது.

கண்ணாடி ஆலையில் இரவுப் பணி முடிந்து
பூட்ஸ் கழற்றாமல் படித்தேன்.
பிள்ளையா?
டொலிடோ நகரில், இந்த இரண்டாம் மாடியில்
என்னோடு வாழ்வது ஒரு பழைய நீராவிக் குழாய்.
அதுவும் குளிர் நாளில்தான் இருமும்.

பிப்ரவரியில் துவேன் பெட்ரியிடம் போனேன்.
டோனட் கடைக்கு அடுத்த கதவு,
வாசலில் காற்றடைத்த நீலப் பொம்மை
எல்லோரையும் வா வா என்று கைவீசும்.
இருபது நிமிடம்.
"இங்க ஒரு கையெழுத்து, பெர்னி."
தயாரித்தவர் என்ற கட்டத்தில்
அவன் பேனா படவே இல்லை.
அது அப்போது என் கண்ணில் படவில்லை.
பட்டதெல்லாம் திரும்பி வரும் தொகைதான்,
போன வருடத்தைவிட மூவாயிரத்துச் சொச்சம் கூட.
அதிர்ஷ்டத்திடம் யார் ரசீது கேட்பார்கள்?
பனிக்கால டயர் நான்கு வாங்கினேன்,
கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போட்டேன்.

கடிதத்தோடு ஓடினால்
அங்கே உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள்.
"பெட்ரியா? ஏப்ரல் பதினாறே கிளம்பிட்டாரே."
நீலப் பொம்மை மட்டும் மடித்துக் கிடந்தது,
கை எது கால் எது தெரியாமல்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் இலவச மேசை.
ஓர்லா டில்மன் படிவத்தின் நகலெடுத்து
விரல் வைத்து வாசித்தாள்.
பெயர் நடாலி.
வயது ஏழு.
உறவு: மகள்.
உங்களோடு வாழ்ந்த மாதங்கள்: பன்னிரண்டு.
உங்கள் நிலை: குடும்பத் தலைவி.

ஒரு மாதம்கூட விடாமலா?
என் இரண்டாவது நாற்காலியில்
துவைத்த துணி மலைபோல் கிடக்கிறதே,
அதைத் தள்ளிவிட்டா உட்கார்ந்திருந்தாள்?

நாற்பத்தொன்றில் நிறுத்திக்கொண்டோம் நானும் கிரெக்கும்,
முதலில் அந்த மருத்துவமனையை,
பிறகு ஒருவரையொருவர்.
இதை ஓர்லாவிடம் சொல்லவில்லை.

"எண் நிஜம்," என்றாள் அவள்.
"அவனுடைய வேறு ஒரு வாடிக்கையாளரின் குழந்தையா இருக்கும்.
அந்தம்மா பணம் எங்கயோ தடைபட்டு நிக்கும், உங்களால.
பேரெல்லாம் சொல்லமாட்டாங்க.
கையெழுத்து உங்களது. அதனால பிழையும் உங்களது."

பெட்ரிமேல் புகாருக்குத் தனிப் படிவம்.
உயரம் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்,
அவன் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

திருத்தப் படிவத்தில்
காரணம் எழுத ஒரு பெட்டி.
நான் ஏமாற்றப்பட்டேன் என்று எழுதினேன்.
ஓர்லா உதட்டைச் சுழித்தாள்.
எனக்குத் தெரியாமல் என்று தொடங்கி
நானே அடித்தேன்,
மூவாயிரம் எனக்குத் தெரிந்துதான் வந்தது.
புதிய தாள்.
இந்தப் பிள்ளை என்னுடையவள் அல்ல.
என்னோடு ஒரு நாளும் வாழவில்லை.
அழுத்தி எழுதியிருக்கிறேன் போல,
அடியில் இருந்த தாளிலும்
எழுத்து பதிந்திருந்தது, மை இல்லாமல்.

மாதம் அறுபத்திரண்டு டாலர், ஐந்து வருடம்.
நான் அடைத்து முடிக்கையில்
அவளுக்குப் பன்னிரண்டு தாண்டியிருக்கும்.
அவள் அம்மாவுக்கு இதற்குள்
பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
வேண்டும் என்பதற்குமேல் எனக்குத் தெரியாது.

நேற்றுக் காலை ஆலையிலிருந்து திரும்பும்போது
கண்மண் தெரியாத பனி.
முன்னால் போன பள்ளிப் பேருந்து
சட்டென்று சிவப்புப் பலகையை நீட்டியது.
பிரேக்கை மிதித்தேன்.
டயர் நான்கும்
வழுக்காமல் பிடித்து நின்றன.